பின்வரிசை இல்லாத கும்மி: நடனத்தில் இடத்தைப் பயன்படுத்தக் கற்பித்தல்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் இருபது பேர் கும்மி ஆடினார்கள். பாட்டும் கைதட்டலும் நன்றாகவே அமைந்தன. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவியின் அம்மா அருகில் வந்தார். “எம் பொண்ணு எங்க சார் நின்னா? கடைசி வரைக்கும் தேடிக்கிட்டே இருந்தேன்” என்றார். “பின்னாடி இருந்தாம்மா” என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிரவு கைபேசியில் எடுத்த காணொலியைப் போட்டுப் பார்த்தேன். முன்னால் நான்கு பேர் தெரிந்தார்கள். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வட்டம் முட்டை வடிவமாகிவிட்டது. அந்த மாணவியின் கை மட்டும் ஓரிரு முறை மேலே தெரிந்தது. மூன்று வாரம் பயிற்சி கொடுத்திருந்தேன். அடி வைப்பதையும் தாளத்தையும் சொல்லிக்கொடுத்த நான், எங்கே நிற்பது, எந்த வழியாக நகர்வது என்பதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

நான் கணக்கு ஆசிரியர். நடனம் முறையாகக் கற்றவனல்ல. நம்மில் பலரும் அப்படித்தான் கலைத் திருவிழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் மாணவர்களைத் தயார் செய்கிறோம். இந்த ஆண்டு 6 முதல் 8 வகுப்பு மாணவர்களுடன் செய்து பார்த்த ஐந்து செயல்பாடுகளை இங்கே பகிர்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடவேளை போதும். சுண்ணாம்புத் தூளும், தட்டுவதற்கு ஒரு பறையோ மேசையோ இருந்தால் போதும்.

1. தன் இடம்

மாணவர்கள் கைகளை விரித்து ஒரு சுற்று சுற்றட்டும். யார் மீதும் கை படாத அளவு தள்ளி நிற்க வேண்டும். அதுவே அவரவர் இடம். பாதங்களை நகர்த்தாமல் எவ்வளவு தூரம் எட்ட முடியும் என்று கேளுங்கள். பெரும்பாலோர் முன்பக்கமும் பக்கவாட்டிலும்தான் நீட்டுவார்கள். “முதுகுக்குப் பின்னால்? முழங்காலுக்குக் கீழே? தலைக்கு மேலே மூலையில்?” என்று கேட்டால்தான் உடல் திறக்கும். அசைவு பற்றி ஆராய்ந்த ருடால்ஃப் லாபன் (1879–1958), நின்ற இடத்திலிருந்தே கைகால் எட்டும் இந்த வெளிக்குத் தனிப்பெயர் கொடுத்து விளக்கினார். ஆடுபவர் நடக்கும்போது இந்த வெளியும் அவருடனே நகர்கிறது. இதைப் புரிந்துகொண்ட மாணவர்கள் அடுத்தவர் மீது மோதுவது பெரிதும் குறைந்தது.

2. பொது இடம்

மைதானத்தில் 6 மீட்டர் சதுரம் ஒன்றை வரையுங்கள். கல், முள் இல்லாமல் முதலில் பார்த்துவிடுங்கள். பறை ஒலிக்கும் வரை நடக்க வேண்டும்; ‘ஸ்டேச்சூ’ என்றதும் உறைந்து நிற்க வேண்டும். விதி ஒன்றுதான்: எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே போ.

முதல் முறை எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே பக்கம் சுற்றுவார்கள். தோழர்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்வார்கள். மாணவர் ஒரு பக்கமும் மாணவியர் மறுபக்கமும் ஒதுங்குவார்கள். திட்ட வேண்டியதில்லை. உறைந்து நிற்கும்போது “எங்கே ஓட்டை இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். அவர்களே கண்டுபிடித்து நிரப்புவார்கள். பிறகு சதுரத்தைப் பாதியாக்குங்கள். அடி சிறிதாவதையும், தோள்கள் ஒருக்களிப்பதையும் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

இந்த வயதில் கைகோத்துக்கொள்ளக் கூச்சம் இருக்கும். கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு கைக்குட்டையின் இரு முனைகளை இருவர் பிடித்துக்கொண்டால் போதும்.

3. மட்டம்

பரதநாட்டியத்தில் நிமிர்ந்து நிற்பது, அரைமண்டி, முழுமண்டி என்று உடலின் உயரம் மாறுகிறது. இதையே எல்லா ஆட்டத்துக்கும் பொருத்தலாம். மூன்று பேர் சேர்ந்து ஒரு ‘புகைப்படம்’ ஆக வேண்டும்: ஒருவர் தரையோடு, ஒருவர் நடு உயரத்தில், ஒருவர் எட்டிய மட்டும் மேலே. பின்வரிசை ஏன் மறைந்தது என்பது இங்கேதான் மாணவர்களுக்குப் புரிந்தது: முன்வரிசை தாழும்போது பின்வரிசை தெரிகிறது. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் கைகளாலும் முதுகாலும் மட்டத்தை மாற்றலாம். அடுத்து வரும் பாதைச் செயல்பாட்டில் குழுவை அவரே வழிநடத்தலாம்.

4. பாதை

தரையில் புள்ளிகள் வைத்து எளிய சிக்குக் கோலம் ஒன்றைப் பெரிதாக வரையுங்கள். புள்ளிகளைச் சுற்றி வளையும் கோட்டின் மீது மாணவர்கள் நடக்கட்டும். பிறகு அதே வழியில் தாளத்தோடு ஆடட்டும். நேர்கோட்டுக்கும் வளைகோட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கால்களே உணரும். பின்னல் கோலாட்டத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்தபடி பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் குறுக்கே புகுந்து ஆடும்போது பின்னல் விழுகிறது. எதிர்த்திசையில் ஆடினால் அவிழ்கிறது. ஒருவர் வழி தவறினாலும் சிக்கிக்கொள்ளும். ஆடியவர்கள் போன பாதையைக் கயிறு அப்படியே காட்டிவிடும்.

5. அமைப்பு

ஒயிலாட்டம் வரிசையில் ஆடப்படுவது, கும்மி வட்டத்தில். வட்டம் ஏன் முட்டையானது என்ற கேள்வியை எட்டாம் வகுப்பில் கணக்காகவே கொடுத்தேன். ஒருவருக்கு 1 மீட்டர் என்றால் 20 பேருக்குச் சுற்றளவு 20 மீட்டர். விட்டம் சுமார் 6.4 மீட்டர். எங்கள் மேடையின் ஆழமோ 18 அடி, அதாவது சுமார் 5.5 மீட்டர். முன்னும் பின்னும் அரை மீட்டர் விட்டால் மிஞ்சுவது 4.5 மீட்டர். அதில் 14 பேர்தான் வட்டமாக நிற்க முடியும். மீதி 6 பேர்?

உள்ளே சிறிய வட்டம் என்றார்கள் மாணவர்கள். 6 பேருக்கான விட்டம் சுமார் 1.9 மீட்டர், இரண்டு வட்டங்களுக்கும் இடையே 1.3 மீட்டர் கிடைக்கிறது. கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது, சென்ற ஆண்டு பின்னால் நின்ற அதே மாணவி கேட்டாள்: “உள்ள நிக்கறவங்க வெளிய வரவே மாட்டாங்களா சார்?”

அந்தக் கேள்வியால்தான் ஆட்டம் மாறியது. பாட்டின் நடுவில் உள்வட்டத்தார் ஆறு பேரும் வெளியே வர, வெளியிலிருந்து ஆறு பேர் உள்ளே போனார்கள். வட்டம் சுழன்றுகொண்டே இருந்ததால், வெளிவட்டத்தில் ஆடிய ஒவ்வொருவரும் ஒரு முறையாவது பார்வையாளருக்கு அருகில் வந்து போனார்கள்.

மதிப்பிடும் முறை

ஐந்தைந்து பேராகப் பிரித்து, 16 தட்டுகளுக்கு ஓர் ஆட்டத்தை அவர்களே அமைக்கச் சொல்லுங்கள். நிபந்தனைகள்: இரண்டு மட்டங்கள், ஒரு வளைந்த பாதை, ஒரு வடிவ மாற்றம், எல்லோரும் ஒரு முறையாவது முன்னால் வருவது. பார்க்கும் குழு ‘நன்றாக இருந்தது’ என்று சொல்லக் கூடாது. “எந்த இடம் காலியாகவே இருந்தது? யார் யாரை மறைத்தார்கள்?” என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று. ஒத்திகையை விழாவுக்கு முந்தைய நாள் அல்ல, முதல் வாரத்திலேயே காணொலி எடுங்கள். பெற்றோர் அமரும் கடைசி வரிசையிலிருந்து எடுங்கள். அதை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, ஒவ்வொருவரும் தன்னைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்க முடியாதவர் யார் என்று பார்த்து, மறுநாள் பயிற்சியை அவரிடமிருந்து தொடங்குங்கள்.