மழை இரவும் கடைசி அறைப் பாட்டியும்

கேள்வி: மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 43. மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். மழை பிடித்தால் மீரியபெத்தை மண்சரிவுதான் கண்ணில் நிற்கிறது, தூக்கம் வருவதில்லை. பகலில் அடகு வைத்த தோட்டின் நினைவு. லயத்தின் கடைசி அறையில் தனியாக இருக்கும் பாட்டி வந்து பேசினால் ‘ம்’ கொட்டுகிறேன். என்ன சொன்னார் என்று பிறகு நினைவில்லை. மனசு குத்துகிறது. ‘இன்றைக்கு வாழப் பழகு’ என்கிறார்கள். எப்படி ஐயா?

பதில் (உளவளத் துணையாளர்): தங்கச்சி, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நம் மாவட்டத்தில் யாரால் மறக்க முடியும்? ‘நாளையை நினைக்காதே’ என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்குப் பகலில் ஒரு வேலை கொடுங்கள். லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கி வருகிறதா என்று பாருங்கள். ஒன்று கண்டாலும் கிராம சேவகரிடம் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். எச்சரிக்கை வந்தால் சாமானைப் பார்க்காமல் வெளியேறுங்கள். பகலில் பார்த்துவிட்டால் இரவில் பாரம் கொஞ்சம் இறங்கும்.

மனம் அலைவது உங்களுக்கு மட்டும் வந்த குறையும் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரைக் கைத்தொலைபேசி வழியாக அவ்வப்போது விசாரித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி, செய்கிற காரியத்தில் மனம் இல்லை. அந்த நேரங்களில் சந்தோஷமும் குறைவு.

இனிப் பாட்டி. அவருக்கு என்ன தேவை என்று புரிய மீரியபெத்தையையே பாருங்கள். அங்கே தப்பியவர்களுக்கு முதல் நாட்களில் நிவாரணம் குவிந்தது. வீடு கிடைக்க 2016 ஆயிற்று. அதுவரை பல குடும்பங்கள் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிடந்தன. அரிசி மூட்டையை இறக்குவது ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பின் வருகிற நூற்றுக்கணக்கான சாயங்காலங்களில் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். அன்பில் கஷ்டமான பங்கு அதுதான் என்று நினைக்கிறேன். பாட்டி உங்களைத் தேடி வருவதும் அந்த மாதிரிச் சாயங்காலத்தில்தான்.

நாள் முழுக்க வேண்டாம், பத்து நிமிடம் போதும். போனை உள்ளே வைத்துவிட்டு இஸ்தோப்பில் உட்காருங்கள். கடன் நினைவு வரும், வரட்டும். திரும்ப அவர் முகத்தைப் பாருங்கள். பேச்சு தவறிப்போனால் வெட்கப்படாமல் ‘இன்னொரு தரம் சொல்லுங்க பாட்டி’ என்று கேளுங்கள். அதில் அவருக்கு வருத்தம் வராது.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் போனால், மனநல உதவிக்கான 1926க்கு அழையுங்கள்; தமிழில் பேசலாம்.

இன்றைக்குப் பிளேன்டீ ஊற்றும்போது ஒரு கோப்பை கூட ஊற்றுங்கள். மழைக்கு அவர் அறைத் தகரம் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று கேளுங்கள்.