ஆணையராகப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஊராட்சித் தலைவர் தேர்தல் வழக்கில் மறு எண்ணிக்கையை மேற்பார்க்க மாவட்ட நீதிமன்றம் உன்னை வழக்கறிஞர் ஆணையராக நியமித்திருப்பது மகிழ்ச்சி. எண்ணும்போது தவறு நேர்ந்துவிடுமோ என்று பயந்து எழுதியிருந்தாய். எண்ணுவது ஒரு நாளில் முடிந்துவிடும். நீ முதலில் கேட்க வேண்டியது, இத்தனை மாதமும் பெட்டி எந்த அறையில் இருந்தது, சாவி யாரிடம் இருந்தது என்பதை. அரக்கு முத்திரை எந்த நிலையில் இருக்கிறது என்று இரு தரப்பு முகவர்களுக்கும் காட்டி, எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே பெட்டியைத் திற.

2024 ஜனவரி 30 அன்று நடந்த சண்டிகர் மேயர் தேர்தலை நினைத்துப் பார். மொத்தம் 36 வாக்குகள். தேர்தலை நடத்திய அதிகாரி எட்டுச் சீட்டுகளைச் செல்லாதவை என ஒதுக்கியதால் 16க்கு 12 என்று பா.ஜ.க. வேட்பாளர் வென்றதாக அறிவிப்பு வந்தது. வழக்கு வந்ததும் உச்ச நீதிமன்றம் செய்த முதல் காரியம், சீட்டுகளையும் வீடியோப் பதிவையும் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத் தலைமைப் பதிவாளரின் பாதுகாப்பில் வைக்கச் சொன்னது. பிப்ரவரி 20 அன்று நீதிபதிகள் அந்த எட்டுச் சீட்டுகளையும் பார்த்தார்கள். எட்டும் ஆம் ஆத்மி வேட்பாளருக்கு விழுந்தவை. அதிகாரியே அவற்றில் கோடு கிறுக்கியிருந்தார். முடிவு 20க்கு 16 என்று மாறியது. அந்தக் காகிதங்கள் பத்திரமாக இருந்திராவிட்டால் நீதிபதிகளால் எதைப் பார்த்திருக்க முடியும்?

ராதாபுரம் வேறு மாதிரி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வித்தியாசம் 49 வாக்குகள். தலைமை ஆசிரியர் சான்றொப்பம் இட்ட தபால் வாக்குகள் செல்லுமா என்பது வழக்கு. செல்லும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2019 அக்டோபர் 4 அன்று நீதிமன்ற வளாகத்திலேயே மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமும் முடிந்துபோனது. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. எண்ணியும் அந்த ஊர் வாக்காளருக்கு உரிய காலத்தில் பதில் கிடைக்கவில்லையே! உன்னால் ஒரு நாள்கூடத் தாமதம் வரக் கூடாது, வாய்தா கேட்காதே.

ஒரு சீட்டு செல்லுமா என்று தகராறு வந்தால் நீ தீர்ப்புச் சொல்லாதே. அதைத் தனி உறையில் வைத்து, இரு தரப்பு ஆட்சேபத்தையும் அவர்கள் சொன்னபடியே எழுது. மற்றதை நீதிபதி பார்த்துக்கொள்வார். அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: பானிபட் அருகே புவானா லாக்கு ஊராட்சித் தேர்தல் வழக்கில், 2025இல் உச்ச நீதிமன்றம் வாக்குப்பதிவு இயந்திரங்களையே தன் வளாகத்துக்கு வரவழைத்தது. பதிவாளர் 3,767 வாக்குகளையும் வீடியோ பதிவோடு எண்ணினார். 1,051க்கு 1,000 என்று வெற்றியாளர் மாறினார். பதிவாளரின் அறிக்கையில் இரு தரப்புப் பிரதிநிதிகளின் கையெழுத்தும் இருந்தது. உன் அறிக்கையிலும் தோற்றவர் தரப்பின் கையெழுத்து இருக்க வேண்டும். போட மறுத்தால், மறுத்ததையும் காரணத்தையும் பதிவு செய்.

ஆணையின் சான்றிட்ட நகல் உன் கையிலேயே இருக்கட்டும். அதில் சொல்லாத வார்டின் கட்டை அவிழ்க்கச் சொல்லி யார் வற்புறுத்தினாலும், நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் சீனியர்