நிறுத்தி வைத்த காரில் மீண்டும் மீண்டும் சேதம்: வாகன உரிமையாளர் செய்ய வேண்டியவை

காலையில் அலுவலகம் புறப்படும் வேளையில், நேற்று இல்லாத ஒரு கீறல் கார்க் கதவில் நீளமாகத் தெரிகிறது. முதல் முறை என்றால் மனம் பொறுத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து அதே பக்கத்தில் இன்னொரு கீறல். பிறகு ஒரு நாள் பின்சக்கரத்தில் காற்று இல்லை. மூன்றாம் முறை நேரும்போது, யார் செய்தார் என்ற கேள்விக்கு நம் மனம் ஒரு பெயரை முன்னதாகவே முடிவு செய்து வைத்திருக்கும்.

மும்பைப் புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது இது. அவர் முடிவு செய்த பெயர் மேல்மாடிக்காரருடையது. வாகனம் நிறுத்தும் இடம் தொடர்பாக இருவருக்கும் முந்தைய ஆண்டு வாக்குவாதம் நடந்திருந்தது. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரைக் குறிப்பிட்டு ஒரு செய்தியைத் தட்டச்சு செய்தும் விட்டார். அனுப்பும் முன் தடுத்தவர் அவருடைய மனைவி. “அவர் செய்யவில்லை என்று நாளை தெரிந்தால், படிக்கட்டில் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குச் சட்ட நோக்கிலும் பொருள் உண்டு. ஆதாரமின்றி ஒருவர்மீது பலர் அறியக் குற்றம் சுமத்துவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அவதூறு ஆகலாம். இரண்டு ஆண்டுகள் வரை வெறுங்காவல் தண்டனைக்கு அதில் இடமுண்டு. காரைக் கீறியவரைத் தேடப் போய், தாமே எதிர்மனுதாரராக நிற்கும் நிலை எவருக்கும் வேண்டாம்.

எனவே சந்தேகத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பதிவிலிருந்து தொடங்குவதே முறை. ஒரு நாள் காரை நன்கு கழுவி, நான்கு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய கீறல்கள் அனைத்தும் அதில் அடங்க வேண்டும். பிறகு இரவு நிறுத்தும்போதும் காலையில் எடுக்கும்போதும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். புதிய சேதம் தென்பட்டால் அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுப்பது நல்லது. கீறலின் நீளமும் தரையிலிருந்து அதன் உயரமும் பின்னர் பல செய்திகளைச் சொல்லும். சாவியால் வேண்டுமென்றே இழுத்த கோடு பெரும்பாலும் இடுப்பு உயரத்தில் நீண்டு செல்லும். மிதிவண்டிக் கைப்பிடி, சுற்றுச்சுவர், நாய் நகம் ஆகியவற்றின் தடங்கள் வேறு வகையானவை. தினமும் காரைத் துடைப்பவரின் மணல் படிந்த துணிகூட வட்ட வட்டமாக மெல்லிய கோடுகளை விட்டுச் செல்லும்.

கண்காணிப்புக் கேமரா இருக்குமானால் தாமதம் கூடாது. பல குடியிருப்புகளில் சில வாரங்களுக்குள் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். குறிப்பிட்ட தேதிக்குரிய பதிவை அழியாமல் எடுத்து வைக்குமாறு சங்கச் செயலாளருக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுத்து, நகலில் கையொப்பம் பெறுங்கள். அக்கடிதத்தில் எவர் பெயரும் வேண்டாம். அப்பதிவு நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தால், பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் ஒன்று உடன் வைக்கப்பட வேண்டும். சொந்தமாகக் கேமரா பொருத்துவோர், அது தம் காரை மட்டும் நோக்குமாறும் அயலார் வாசலை நோக்காதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஒரு சண்டை இரண்டாகும்.

நண்பரின் வீட்டில் குறிப்பேட்டைப் பராமரித்தவரும் அவர் மனைவியே. இரண்டு மாதங்களில் மேலும் இரு கீறல்கள் சேர்ந்தன. நான்கு கீறல்களின் தேதிகளையும் வாயிற்காவலரின் வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டபோது ஓர் ஒற்றுமை தென்பட்டது: நான்கும் எரிவாயு சிலிண்டர் வந்த நாள்கள். தூணுக்கும் காருக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் சிலிண்டரைச் சாய்த்து உருட்டிச் செல்லும்போது அதன் மேல்வளையம் கதவில் உரசியிருக்கிறது. கீறல்களின் உயரமும் அதற்குப் பொருந்தியது. காரை ஓரடி தள்ளி நிறுத்தியதும் கீறல்கள் நின்றன. ஆனால் சக்கரத்தின் காற்று தானாக இறங்கியதன்று, வால்வு திருகப்பட்டிருந்தது. அதைச் செய்தவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. மேல்மாடிக்காரராக இருக்கலாம், வேறு எவராகவும் இருக்கலாம்.

இத்தகைய பகைமைக்குப் பல இடங்களில் வேராக இருப்பது நிறுத்துமிடம் பற்றிய தெளிவின்மையே. மும்பைக் குடியிருப்பு ஒன்று தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல், மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் கட்டடத்தின் தூண்தளத்திலுள்ள நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனியே விற்க இயலாது என்று தீர்ப்பளித்தது. ஒதுக்கீட்டைச் சங்கம் எழுத்தில் பதிந்து, தரையில் எண்ணிட்டு வைத்தால் பாதிப் பூசல் குறையும்.

சேதம் வேண்டுமென்றே செய்யப்பட்டது என நம்ப நியாயமான காரணம் இருந்தால் காவல் நிலையத்தை நாடலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு இதற்குரியது. சேதம் 20,000 ரூபாய்க்குக் குறைவெனில் ஆறு மாதம் வரையிலும், 20,000 முதல் ஒரு லட்சத்துக்குள் எனில் இரண்டு ஆண்டுகள் வரையிலும், ஒரு லட்சமும் அதற்கு மேலும் எனில் ஐந்து ஆண்டுகள் வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கலாம். (1860ஆம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டத்தில் இவ்வரம்பு வெறும் 50 ரூபாய்!) தீய எண்ணமோ, தீங்கு நேரும் என்ற அறிவோ இருந்தால்தான் இக்குற்றம் ஆகும், கவனக்குறைவான உரசல் இதில் சேராது. ஒரு லட்சத்துக்குக் குறைந்த சேதத்தில், நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை தானாகப் புலன்விசாரணை தொடங்க இயலாது. ஆகவே, “இதற்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாது” என்று அங்கே சொன்னால் சோர்வடைய வேண்டாம். புகாரைப் பதிவேட்டில் ஏற்றி, அதன் நகலைத் தரும்படி கேளுங்கள். காப்பீட்டு நிறுவனம் கேட்கும்போது அது உதவும்.

இனிப் பணக்கணக்கு. சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு ரூபாயும் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியில், பிறர் தீய நோக்குடன் இழைக்கும் சேதமும் அடங்கும். ஆயினும் கோருவது எப்போதும் இலாபம் என்பதில்லை.

நண்பரின் கதவுக்கு வண்ணம் பூச 5,000 ரூபாய் கேட்டார்கள். அதில் கால் பங்கு வண்ணப்பொருளின் விலையாகக் கொள்ளப்பட்டு, அதில் பாதியான 625 ரூபாய் தேய்மானமாகக் கழியும். 1,500 சி.சி. வரையிலான காருக்கு உரிமையாளர் கட்டாயம் ஏற்கும் பங்கு 1,000 ரூபாய். எஞ்சிக் கிடைப்பது 3,375 ரூபாய். மறுபுறம், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என ஏறிச் செல்வது. அவர் 35 சதவீதத்தில் இருந்தார். சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய் என்று கொண்டால், அடுத்த ஆண்டு 45 சதவீதமாக 5,400 ரூபாய் குறைந்திருக்கும். கோரினால் அது முழுவதும் போகும். அதற்கடுத்த ஆண்டு 50 சதவீதத்துக்குப் பதில் 20 மட்டுமே கிடைக்கும். அவ்வகையில் மேலும் 3,600 ரூபாய் இழப்பு. ஆக, 3,375 ரூபாய் பெறுவதற்கு இரண்டே ஆண்டுகளில் 9,000 ரூபாய் கைவிட வேண்டும். போனஸ் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் இக்கணக்கு மாறும்.

பழுதுபார்க்கும் பட்டறைகள் சிலவற்றில் ஒரு யோசனை சொல்வார்கள்: கீறல்களைச் சேர்த்து வைத்து, சுவரில் மோதியதாக ஒரே கோரிக்கை போடுங்கள் என்று. இது பொய்யுரை. வெவ்வேறு நாள் சேதங்கள் வெவ்வேறு நிகழ்வுகள். துருவேறிய பழைய கீறலையும் புதியதையும் மதிப்பீட்டாளர் எளிதில் பிரித்தறிவார். கோரிக்கை முழுவதுமே நிராகரிக்கப்படக்கூடும்.

நண்பர் 5,000 ரூபாயைத் தம் கையிலிருந்தே கொடுத்தார். சக்கரத்துக்கு வால்வுப் பூட்டு வாங்கினார். மேல்மாடிக்காரருக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. சங்கக் கூட்டத்தில் நிறுத்துமிடங்களுக்கு எண்ணிட வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவர் நண்பர், வழிமொழிந்தவர் அவர்.