டிஸ்க் போச்சு சார்... ஏன் போச்சு?

"டிஸ்க் போச்சு சார், மாத்திடலாம்" என்று சொல்ல, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த எவராலும் முடியும். அடுத்த கேள்வியில்தான் பலர் திணறுகிறார்கள்: "ஏன் போச்சு? புதுசு போட்டா அதுவும் போகுமா?" ஹார்டுவேர் சர்வீஸ், ஐ.டி. சப்போர்ட், சிஸ்டம் அட்மின் என்று எந்தப் பெயரில் வேலைக்குச் சேர்ந்தாலும், இதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்கிறவர் கையில்தான் சர்வர் அறைச் சாவி வந்து சேரும். எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது என்ற வரிசை பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் டேட்டா, பிறகு காரணம்

காரணத்தைத் தேடப்போய் டேட்டாவைத் தொலைத்துவிடக் கூடாது. ஆகவே முதல் கேள்வி, "பேக்கப் இருக்கிறதா?" இல்லை என்று பதில் வந்து, டிஸ்க்கிலிருந்து "டிக்... டிக்..." சத்தமும் வந்தால் உடனே பவரை நிறுத்துங்கள். 7,200 ஆர்.பி.எம். டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. மூன்றரை அங்குல டிஸ்க்கில் தட்டின் வெளிவிளிம்பு மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதற்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்கிறது. பழுதான ஹெட் அந்த வேகத்தில் தட்டைச் சுரண்டினால் காந்தப் பூச்சு தூளாகிவிடும். அங்கே இருந்ததை எந்த லேபும் மீட்டுத் தராது. "இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கலாமே" என்ற ஆசையை அடக்குங்கள்.

செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். அது கோப்பு அமைப்பைச் சரிசெய்ய டிஸ்க்கில் எழுதும். இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் அதைத் தாங்காது. விபரீதச் சத்தம் இல்லாமல் மெதுவாகப் படிக்கிறது என்றால், டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் வரும். ஃபிரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் படியும், அவ்வளவுதான்.

அடுத்து, கணினியைப் பயன்படுத்தியவரிடம் பேசுங்கள். "என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் "ஒண்ணும் பண்ணலையே" என்றுதான் பதில் வரும். "மேசையை நகர்த்தினாங்களா? கரண்ட் போய் வந்துச்சா? சில நாளாவே மெதுவா இருந்துச்சா, திடீர்னு நின்னுச்சா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். நாள்கணக்கில் மந்தமாகி நின்றிருந்தால் தட்டையோ ஹெட்டையோ சந்தேகப்படலாம். பட்டென்று நின்றிருந்தால் மின்சாரம், போர்டு, ஃபர்ம்வேர் பக்கம் முதலில் பாருங்கள்.

சத்தம் தரும் துப்பு

டிஸ்க் சுழலவே இல்லை, கையில் அதிர்வே தெரியவில்லை என்றால் பவர் அல்லது போர்டு. போர்டில் மின்சாரம் நுழையும் இடத்துக்கு அருகே டி.வி.எஸ். டையோடு என்ற சிறு பாகம் இருக்கும். அளவு மீறிய வோல்டேஜ் வந்தால் தான் ஷார்ட் ஆகி மற்றவற்றைக் காப்பாற்றுவது அதன் வேலை. 12 வோல்ட் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை யாராவது செருகினால் இதுதான் நடக்கும். மல்டிமீட்டரில் அந்த டையோடு ஷார்ட் காட்டினால், அடுத்து அடாப்டர்களைத் தேடுங்கள். அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்பது பழைய காலக் கதை. இன்றைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் தனியான அளவீடுகள் போர்டின் ரோம் சிப்பில் பதிந்திருக்கும். அதையும் மாற்றாமல் வெறும் போர்டை மாற்றிப் பயனில்லை.

"ஙொய்ங்" என்று முனகி நின்றால், ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். சீரான இடைவெளியில் டிக் டிக் என்றால் ஹெட்டால் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். அமைதியாகச் சுழல்கிறது, ஆனால் பயாஸ் பார்க்கவில்லை என்றால் ஃபர்ம்வேரை நினையுங்கள். 2009 ஜனவரியில் சீகேட் தன் பாரகுடா 7200.11 வரிசையில் ஃபர்ம்வேர் கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆரோக்கியமான டிஸ்க்குகள், பவர் கொடுத்ததும் "பிஸி" என்றே நின்றுவிட்டன. தட்டிலும் ஹெட்டிலும் ஒரு குறையும் இல்லை.

டிஸ்க்கின் மேல் பழி போடும் முன் கேபிளையும் போர்ட்டையும் பவர் இணைப்பையும் மாற்றிப் பாருங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் டப்பாவுக்குள் இருக்கும் யு.எஸ்.பி. போர்டு மட்டும் போயிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. எத்தனையோ "செத்த" டிஸ்க்குகள் இதிலேயே எழுந்து உட்காரும்.

ஸ்மார்ட் எண்களைப் படிப்பது

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏடு ஸ்மார்ட். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு பார்க்கலாம். மேலே "குட்" என்றோ "பாஸ்டு" என்றோ இருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். கீழே இறங்கி மூல எண்களைப் படியுங்கள்.

5ஆம் எண், கெட்டுப்போய் மாற்று இடம் தரப்பட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198ம் 187ம் சரிசெய்ய முடியாத பிழைகள். இவை ஏறுகின்றன என்றால் தட்டு அல்லது ஹெட். 199 மட்டும் ஏறி மற்றவை பூஜ்யமாக இருந்தால் கேபிளோ இணைப்போதான். அந்த எண் திரும்ப இறங்காது என்பதால், கேபிளை மாற்றிய பின் மேலும் ஏறுகிறதா என்று பாருங்கள். பல டிஸ்க்குகளில் 191 அதிர்ச்சிகளின் கணக்கு; லேப்டாப்பில் அதுவும் 197ம் சேர்ந்து உயர்ந்திருந்தால் விழுந்ததா என்று மெல்ல விசாரிக்கலாம். 192 பெரும்பாலும், ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் பவர் போன தடவைகள். அது கூடுதலாக இருந்தால் யு.பி.எஸ். பேட்டரியைப் போய்ப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சீகேட் டிஸ்க்கில் 1ஆம், 7ஆம் எண்கள் கோடிக்கணக்கில் தெரியும். அந்த நிறுவனம் எழுதும் முறையே அப்படி. பயந்துபோய் ரிப்போர்ட்டில் ஏற்றாதீர்கள்.

ஸ்மார்ட் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கூகுள் பொறியாளர்கள் 2007இல், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேலானவை, வெப்பநிலையைத் தவிர்த்து எந்த எண்ணிலும் முன்னறிகுறி காட்டவில்லை. மறுபக்கம், ஸ்கேனில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைப் போல 39 மடங்கு. பூஜ்யம் நம்பிக்கை தராது. ஒன்று வந்தாலே உஷாராக வேண்டும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: எல்லோரும் எதிர்பார்த்த அளவுக்கு வெப்பத்துக்கும் சாவுக்கும் தொடர்பில்லை. வேறு காரணம் கிடைக்காதபோது "ஓவர் ஹீட்" என்று எழுதுகிற பழக்கத்தை நாம் விடலாம்.

விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 7, 11, 51, 153 ஆகிய எண்களைத் தேடி, அவை எந்த நாளில், எந்த மணிக்குத் தொடங்கின என்று குறியுங்கள். தினமும் ஜெனரேட்டர் மாறும் நேரத்தில் பிழை வருகிறது என்று கண்டுவிட்டால் வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

டிஸ்க்குக்கு வெளியே

ஒரே அலுவலகத்தில் இரண்டாவது டிஸ்க்கும் போனால் தனி டிஸ்க்கை ஆராய்வதை நிறுத்திவிட்டு, இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடுங்கள். 2000ஐ ஒட்டி விற்பனையான ஃபுஜிட்சு டெஸ்க்டாப் டிஸ்க்குகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, பழி கடைசியில் போர்டில் இருந்த சிரஸ் லாஜிக் சிப்பின் பிளாஸ்டிக் உறை மேல் விழுந்தது. தீப்பிடிக்காமலிருக்க அதில் கலந்த சிவப்பு பாஸ்பரஸ், சிப்புக்குள் ஷார்ட் ஏற்படக் காரணமானது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தட்டையும் ஹெட்டையும் மட்டும் நோண்டியிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

எஸ்.எஸ்.டி.யும் விதிவிலக்கல்ல. 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம், தன் சில எஸ்.ஏ.எஸ். எஸ்.எஸ்.டி.கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், டேட்டாவும் திரும்பாது என்று அறிவித்தது. குறியுள்ள 16 பிட் எண்ணில் அடங்கும் உச்சம் 32,767 என்று படித்தவருக்கு அந்த எண்ணே கதையைச் சொல்லிவிடும். ஒரே நாளில் மாட்டிய டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் சாகும் என்பதால் ரெய்டும் காப்பாற்றாது. ஓடிய மணிக்கணக்கைத் தரும் 9ஆம் ஸ்மார்ட் எண்ணையோ, எஸ்.ஏ.எஸ். டிஸ்க்கில் அதற்கு ஈடான கணக்கையோ ரிப்போர்ட்டில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

சத்தம்கூடக் கொல்லும். 2016 செப்டம்பரில் புகாரெஸ்டில் ஐ.என்.ஜி. வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. அணைக்கும் வாயு பீறிட்டு வந்த பேரோசையின் அதிர்வில் ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாகி, ஏ.டி.எம். உள்ளிட்ட சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின. உங்கள் சர்வர் ரேக் பக்கத்தில் புதிதாக ஏதாவது மோட்டார் வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ரெய்டிலிருந்து விழுந்த டிஸ்க் செத்த டிஸ்க் ஆகிவிடாது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க், ஒரு பேட் செக்டாரைப் படிக்க நெடுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். ரெய்டு கன்ட்ரோலர் பொறுமையிழந்து அதைத் தள்ளிவிடும். அங்கே தவறு பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கிறது.

எழுதும் விதம்

கண்டதையும் ஊகித்ததையும் கலக்காதீர்கள். இப்படி எழுதலாம்: "கண்டது: டிஸ்க் சுழல்கிறது, சத்தம் இல்லை. 5, 197 பூஜ்யம். 199 மட்டும் 812. கேபிள் மாற்றி இரண்டு நாள் ஓட்டியதில் ஏறவில்லை. முடிவு: கேபிள் பழுது, அநேகமாக உறுதி. டிஸ்க் நல்ல நிலையில் உள்ளது. பரிந்துரை: அதே நேரத்தில் மாட்டிய மற்ற கணினிகளிலும் 199ஐப் பார்க்கவும்." ஆதாரம் எங்கும் இட்டுச் செல்லவில்லை என்றால் "காரணம் தெரியவில்லை, இவை இவை சோதிக்கப்பட்டன" என்று எழுதுங்கள். பொய்க் காரணம் எழுதினால் நிர்வாகம் அதை நம்பி ஏ.சி. வாங்கிவிடும்.

நேர்முகத் தேர்விலும் "சர்வரில் ஒரு டிஸ்க் காணாமல் போய்விட்டது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், பேக்கப்பைக் கேட்பதிலிருந்து தொடங்குங்கள். பழகிக்கொள்ள, சென்னை ரிச்சி தெருவில் செத்த டிஸ்க்குகளை மலிவாகத் தேடலாம். திறந்து பாருங்கள், தட்டில் வட்டமாகக் கீறல் விழுந்த ஒன்றை நேரில் பார்த்தால் டிக் டிக் சத்தம் இனி வேறு மாதிரி கேட்கும். உயிரோடு இருக்கும் பழைய டிஸ்க்கில் யாருடைய போட்டோவாவது தென்பட்டால் அழித்துவிடுங்கள், பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

வாரண்டியில் அனுப்பும் டிஸ்க்கை மட்டும் திறக்கக் கூடாது. சீல் உடைந்தால் வாரண்டி போயிற்று. பதிலுக்கு வருவது பல சமயம் சரிசெய்து அனுப்பப்பட்ட பழைய டிஸ்க்காக இருக்கும். டேட்டா ஏற்றும் முன் ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட்டிவிடுங்கள். 4 டி.பி. டிஸ்க்குக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். மாலையில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.