காணாததைக் காட்டும் ஈர்ப்பு

மலையில் புகை கண்டு, அங்கே நெருப்புண்டு எனத் துணிவதைக் கருதல் அளவை என்று தருக்க நூல்கள் கூறும். வானநூலாரும் இவ்வளவையையே கைக்கொள்கின்றனர். அவர்களுக்குப் புகையாய் அமைவது ஈர்ப்பு விசை.

1687-இல் நியூட்டன் வெளியிட்ட ஈர்ப்பு விதியை நாம் அறிவோம். பொருள்கள் யாவும் ஒன்றையொன்று இழுக்கின்றன. தொலைவு இருமடங்கானால் இழுப்பு நான்கில் ஒரு பங்காகும். எத்தொலைவிலும் அது குறையுமேயன்றி முற்றிலும் அற்றுப் போவதில்லை.

1781-இல் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோள், கணித்த பாதையினின்று சிறிது சிறிதாக விலகிற்று. அதற்கப்பால் வேறொரு கோள் இருந்து இழுக்கின்றது எனக் கருதிய பிரெஞ்சு அறிஞர் லெ வெரியே, அக்கோளின் இடத்தைக் காகிதத்திலேயே கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லின் வானாய்வகத்தில் காலே என்பார் அத்திசையில் தொலைநோக்கியைத் திருப்பினார். குறித்த இடத்திற்கு ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் இருந்தது! சூரியனிலிருந்து ஏறத்தாழ 450 கோடி கிலோமீட்டர். ஒளி சென்றடையவே நான்கு மணி நேரத்திற்கு மேலாகும்.

அதே லெ வெரியே, புதனின் பாதையிலும் சிறு பிறழ்ச்சி கண்டு, சூரியனருகே மற்றொரு கோள் மறைந்துள்ளது என்றார். அதற்கு வல்கன் எனப் பெயரும் சூட்டப்பட்டது. கண்டேன் என்று சொன்னவரும் உண்டு. ஆனால் அப்படியொரு கோளே இல்லை. திருத்தம் வேண்டியிருந்தது விதிக்கே என்பதை 1915-இல் ஐன்ஸ்டைன் காட்டினார். மூடுபனியைப் புகையென்று கொள்ளும் பிழையைத் தருக்கம் பயின்றோர் நன்கறிவர்.

இன்று இவ்வினா மிகப் பெரிய அளவில் நம்முன் நிற்கின்றது. ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளின் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகும். அதன் சுழற்சியை வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அளந்து 1970-இல் வெளியிட்டனர். மையத்தினின்று விலகிய பகுதிகள் மெதுவாகச் சுற்றுதல் வேண்டும். அவையோ வேகம் குன்றவில்லை. கண்ணுக்குப் புலனாகும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவ்வேகத்தில் அவற்றைப் பிடித்து வைக்கப் போதாது. பிற திரள்களிலும் இவ்வாறே காணப்பட்டது.

ஒளியை உமிழாத, தடுக்காத கரும்பொருள் அங்கே நிறைந்துள்ளது என்பர் பெரும்பாலோர். நாமறிந்த பொருளைப்போல் அது சுமார் ஐந்து மடங்காம். விதியையே மீண்டும் திருத்தவேண்டும் என 1983-இல் மில்க்ரோம் உரைத்தார். அவர் வழி நிற்போர் சிலரே. எனினும் வல்கனின் கதையை எண்ணும்போது, அச்சிலரைப் புறந்தள்ள நமக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய பொற்சுரங்கம் ஒன்றினுள் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், திரவ செனான் நிரப்பிய கலத்தை வைத்து அக்கரும்பொருளின் துகளுக்காகக் காத்திருக்கின்றனர். இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை.