சிதறால் முதல் சுசீந்திரம் வரை: கிளம்பும் முன் கவனிக்க

குமரி மாவட்டத்தின் பழைய கோயில்களை ஒரே நாளில் பார்க்க வருபவர்களைப் பாடாய்ப் படுத்துபவை மூன்று: வெயில், உடை, சாத்திய நடை.

1. மார்த்தாண்டம் அருகேயுள்ள சிதறால் மலைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். பொழுது ஏறினால் பாறை காலைச் சுடும். தண்ணீரைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கடையை நம்ப முடியாது.

2. மலைமேல் கோயிலில் பகவதியைக் கும்பிட்ட கையோடு இறங்கிவிடாதீர்கள். வெளிப்பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தலைக்கு மேல் பாம்புப் படம் இருந்தால் அவர் பார்சுவநாதர். தொட்டுப் பார்க்க வேண்டாம், கைபட்டே சிற்பம் தேயும்.

3. மழை நாளில் பிடிப்புள்ள செருப்பு போடுங்கள். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு, பாறை வழுக்கும்.

4. ஆண்கள் பையில் ஒரு வேட்டி வையுங்கள். திருவட்டாரிலும் சுசீந்திரத்திலும் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். ஜீன்ஸோடு திருவட்டார் போய் வாசலில் முழிக்க வேண்டாம்.

5. திருவட்டாரை நண்பகலுக்கு முன் முடியுங்கள். மதியம் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள். பள்ளிகொண்ட ஆதிகேசவரை மூன்று வாசல் வழியாகப் பார்க்கவேண்டும், அவசரம் உதவாது.

6. நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்கு ஆவணி ஞாயிறுகளில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். பால் ஊற்ற வரும் கூட்டத்தில் தூண்களிலுள்ள சமணச் சிற்பங்கள் கண்ணில் படாது.

7. சுசீந்திரத்தை மாலைக்கு வையுங்கள். இசைத் தூண்களை நீங்களே தட்டாதீர்கள்.