தராசு சொல்வதும் ஊர் சொல்வதும்

பண்ணைக்காட்டுப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனால், தாயை முந்திக்கொண்டு அப்பத்தா பேசுவார்: "நர்சம்மா, எலிக்குஞ்சாட்டம் கெடக்கு. டப்பாப்பால் ஊத்தலாமா?"

பதில் சொல்லும் முன் தராசை மாட்டுவேன். வெறும் தூளியைத் தொங்கவிட்டு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளை. கம்பளியோடு நிறுத்தால் எடை சும்மாவே கூடும். அடுத்த தடவை கம்பளி இல்லாமல் நிறுத்தால் பிள்ளை இளைத்துவிட்டதென்று வீடே கலங்கும். ஒரே தராசு, ஒரே மாதிரி உடுப்பு. பிறந்த சில நாட்கள் எடை கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரத்தில் அதை மீட்டு, பிறகு நாளுக்கு 20, 30 கிராம் ஏறினால் போதும். அப்படி ஏறுகிற பிள்ளைக்கு டப்பாப்பால் எதற்கு? ஏறாமல் ஒரு வாரம் நின்றால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

எங்கள் மலையில் எடையைத் தின்பது குளிர்தான். உடம்பைச் சூடாக்கவே குடித்த பால் செலவாகிவிடும். புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு கதகதப்பாக, பாதம் சில்லென்று இருந்தால் பிள்ளைக்குக் குளிர்கிறது. கணப்பு மூட்டாதீர்கள், சாம்பிராணியும் வேண்டாம். புகை அந்தச் சின்ன நெஞ்சுக்கு ஆகாது. நாப்கின், குல்லா, காலுறை மட்டும் போட்டு வெறும் மார்பில் அணைத்துப் போர்த்துங்கள். இன்குபேட்டர் போதாத பொகோடா மருத்துவமனையில் 1978-இல் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய முறை இது. இன்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அப்பாவின் மார்பும் ஆகும். காப்பித் தோட்டத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னால் நெளிவார்கள். பிள்ளை ஒருமுறை தூங்கிவிட்டால் அப்புறம் இறக்க மனசு வராது.

உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில், உதட்டோரமாக, விழுங்க விழுங்கக் கொடுங்கள். அவசரப்பட்டால் புரையேறும். டாக்டர் எழுதிய இரும்புச்சத்து சொட்டு மருந்தை மலம் கறுக்கிறதென்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கறுத்தால் கறுக்கட்டும்.

குறைமாதப் பிள்ளைக்கு வயதையும் கழித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்தது ஆறாம் மாதத்தில் நாலு மாதப் பிள்ளைதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது அநியாயம். இரண்டு வயதுவரை இதே கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான்.

இணை உணவு தொடங்கியதும் கேழ்வரகுக் கூழைத் தண்ணீராகக் கரைக்காதீர்கள். கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதம், மேலே ஒரு சொட்டு எண்ணெய். அங்கன்வாடி சத்துமாவும் அப்படியே. ஆனால் இரண்டு வயதுக்கு மேல் கொழுகொழுவென்று ஆக்கப் பாடுபட வேண்டாம். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, எடை குறைந்து பிறந்தவர்களிடமே இதய நோய் அதிகம் காணப்பட்டது. ஏற்கெனவே பாரம் சுமக்கும் உடம்பில் கொழுப்பையும் ஏற்றுவானேன்?

கண்ணை மறந்துவிடாதீர்கள். 2 கிலோவுக்குக் கீழ் அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். பார்ப்பதற்குக் கண் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ரத்தக்குழாய் கோணலாக வளர்வது வெளியே தெரியாது. வத்தலக்குண்டு இறங்கி மதுரை போய்வர ஒரு நாள் போகும், கூலியும் போகும். ஆனாலும் போய்விடுங்கள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு வேண்டாம், பிள்ளை நெஞ்சோடு இருக்கட்டும், டிஸ்சார்ஜ் சீட்டு கைப்பையில் இருக்கட்டும்.